ஏரிக்கரைத் தூண்டில் – 9: மிஞ்சிய புழு

மே கடைசியில், அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிகளின் கரையோரத் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, புளூகில் மீன்கள் முட்டையிட ஒதுங்கி வரும். உள்ளங்கை அகலம், ஆணுக்கு நெஞ்சில் ஆரஞ்சு நிறம். வாணலியில் முழுசாகப் போட்டுப் பொரித்துவிடலாம் என்பதால் இந்த வகைச் சிறுமீன்களை அங்கே ‘பேன்ஃபிஷ்’ என்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் மீன் இதுதான்.

விலை உயர்ந்த தூண்டில் வேண்டாம். மெல்லிய நரம்பு, 8-ஆம் எண் முள், அதற்கு ஒரு சாண் மேலே மிளகளவு ஈயக்குண்டு, சின்னத் தக்கை, உயிருள்ள மண்புழு. பலரும் கோட்டைவிடுவது புழுவில்தான். முழுப் புழுவை மாட்டித் தொங்கவிட்டால், வாய் சிறுத்த புளூகில் நுனியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போய்விடும். ஓர் அங்குலத் துண்டு போதும். அதை முள்ளில் கோத்து, நுனி மட்டும் நெளியும்படி விடுங்கள். தக்கை பெரிதானால் கனம் தெரிந்து மீன் இரையைத் துப்பிவிடும். தக்கை லேசாகத் துடிக்கும்போது பொறுங்கள். சாய்ந்து நகர்ந்தாலோ அமிழ்ந்தாலோ மணிக்கட்டைச் சுண்டுங்கள். மீனைக் கையில் எடுக்கும்போது தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி, முதுகு முள்ளைப் படியவைத்துப் பிடிக்க வேண்டும். எதிர்த்துத் தடவினால் உள்ளங்கை கிழியும்.

கரையோர மணலில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் மீன், வாலால் விசிறியபடி முட்டைக்குக் காவல் நிற்கும். அருகில் எது வந்தாலும் பாயும் என்பதால் சுலபமாகச் சிக்கும். பெரிய ஆண்களை இப்படி வாரிக்கொண்டு போனால், சிறு ஆண்கள் வளர்வதை விட்டுவிட்டுச் சீக்கிரமே இனப்பெருக்கத்தில் இறங்குகின்றன. ஏரியில் குட்டை மீன்களே மிஞ்சும். அதனால்தான் 2021 முதல் பல ஏரிகளில், ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் அளவை 5 அல்லது 10 என அந்த மாநில இயற்கை வளத்துறை குறைத்தது. சரியான முடிவு. அந்த வரம்பு இல்லாத ஏரியிலும் பெரிய ஆணை விட்டுவிடுவதே முறை.

புழுவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நம் வயலில் மண்புழு உழவனின் தோழன். மினசோட்டாக் காட்டிலோ அது வந்தேறி. பனியுகத்தில் பனிப்பாறைகள் மூடிக் கிடந்த அந்த நிலத்துக்குச் சொந்த மண்புழு கிடையாது. இரைக் கடையில் டப்பாவில் விற்கும் தடித்த புழு, ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்த இனம். மேப்பிள் காட்டுத் தரையில் ஆண்டுக்கணக்கில் சேரும் கனத்த சருகு அடுக்கை அது தின்று தீர்க்கிறது. அந்தச் சருகை நம்பி முளைக்கும் டிரில்லியம் பூச்செடியும் பெரணியும் மேப்பிள் கன்றும் பட்டுப்போகின்றன. தானாக ஊர்ந்தால் மண்புழு ஆண்டுக்குச் சில மீட்டர்தான் பரவும். ஏரிக்கரைக் காடுகளுக்கு அது வந்து சேர்ந்ததற்கு முக்கியக் காரணம், மிஞ்சியதைப் படகுத்துறையில் கொட்டிவிட்டுப் போன தூண்டில்காரர்கள். உயிர் பிழைத்துப் போகட்டும் என்று இரக்கப்பட்டுச் செய்தவர்களும் அதில் உண்டு.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 16 வயது நிறைந்தவர்கள் மீன்பிடி உரிமம் வாங்கிவிட்டே தூண்டில் போடுங்கள். புழு மிஞ்சினால் தண்ணீரிலும் கொட்டாதீர்கள், மரத்தடியிலும் விடாதீர்கள். மூடிவைத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; வேண்டாமென்றால் மண்ணோடு பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.