'இப்ப எங்க இருந்து பேசுறீங்க?'

ஆன்லைன் மனநல ஆலோசனைக்கு முதல் தடவை போனா, உங்க கவலையைக் கேக்குறதுக்கு முன்னாடியே சில கேள்விகள் வரும். "இப்ப எங்க இருந்து பேசுறீங்க? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? லைன் கட் ஆனா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?" ஏதாவது அவசரம்னா உதவி அனுப்ப இடம் தெரியணும், அது ஒரு காரணம். அதோட, பக்கத்துல அப்பா உக்காந்திருந்தா பாதிப் பேச்சு வெளியே வராதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

நாரணாபுரம் பக்கம் இருந்து நம்ம காலேஜ் பஸ் ஏறுற பல பேருக்கு வீடுங்கறது ஒரே ரூம்தான். டிவி, அம்மா, தம்பி எல்லாம் அதுக்குள்ளயே. எங்க போய்ப் பேசுறது? இந்தச் சிக்கலையும் தன் வேலையா எடுத்துக்குற ஒருத்தர் இருக்கார். அமெரிக்காவில் அவரை கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்னு சொல்றாங்க, இங்கே மனநல சமூகப் பணியாளர். நமது 2017 மனநலச் சட்டப்படி அவர் சமூகப் பணியில் முதுகலை முடித்து, அதற்கு மேல் இரண்டு வருடம் முழுநேர எம்.ஃபில் படித்து, மேற்பார்வையில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இன்ஸ்டாவில் 'கவுன்சிலர்' என்று போட்டிருக்கும் யாரிடமும் பணம் கட்டுவதற்கு முன் என்ன படிச்சிருக்கீங்கன்னு கேளுங்க. அதுல கூச்சம் வேண்டாம்.

இவர் மருந்து எழுத மாட்டார். (நம்ம ஊர்ல மருந்துன்னா வேற அர்த்தம், அது தனிக் கதை.) தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். இவருடைய பார்வை உங்களைச் சுற்றி இருப்பதன் மேல்: வீடு, கடன், வேலை, உறவு. 1905-ல் பாஸ்டனில் ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர் தன் மருத்துவமனைக்குள் சமூகப் பணியாளரைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். வீட்டு நிலைமை சரியில்லை என்றால், எழுதிக் கொடுத்த சிகிச்சை சீட்டோடு நின்றுவிடுகிறது என்று அவர் கவனித்திருந்தார்.

இது நமக்குப் புரியாத விஷயமா? 2018 அக்டோபரில் பேரியத்துக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் ஆலைகள் மூடின, சில மாதம் திறக்கவே இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ஒரு பையனுக்குத் தூக்கம் போச்சு, நாலு அரியர் விழுந்துச்சுன்னா, "பாசிட்டிவா இரு"ன்னு சொல்லி என்ன ஆகப்போகுது?

அவங்க செய்றது வேற மாதிரி. அதுல ஒரு முறைக்குப் பேர் பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை. தலைக்குள்ள ஒரே மூட்டையா கிடக்குறதை முதலில் பிரிச்சு எழுதணும்: அப்பா வாங்கின அட்வான்ஸ், தேர்வுக் கட்டணம், எம்-3 அரியர், பேசாம போன நண்பன். இதுல உங்க கையில் இருக்கிறது எது, இல்லாதது எது? கையில் இருக்கிறதில் ஒண்ணே ஒண்ணை எடுத்து, தோணுற வழியெல்லாம் எழுதி, ஒரு வழியை ஒரு வாரம் முயற்சி பண்ணணும். அடுத்த அழைப்பில் என்ன ஆச்சுன்னு சேர்ந்து பார்ப்பாங்க. நாம டீபக் பண்றதும் இப்படித்தானே, எல்லா லைனையும் ஒரே நேரத்துல மாத்த மாட்டோம். அதோடு ஸ்காலர்ஷிப்புக்கு எங்கே விண்ணப்பிக்கணும், வீட்டில் யாரிடம் முதலில் பேசலாம் என்பதும் பேச்சில் வரும்.

தனி ரூம் இல்லாததற்கும் வழி உண்டு. மொட்டை மாடி, கண்மாய்க் கரை, லேப் முடிஞ்ச காலி வகுப்பறை. ஹெட்செட் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது. "ஆமா, இல்ல"ன்னு மட்டும் பதில் சொல்ற மாதிரி கேள்வி கேட்கச் சொல்லலாம். யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். நெட் இழுத்தால் வீடியோவை விட்டுட்டு சாதா கால் போதும்.

தூரத்திலிருந்து பார்ப்பது நம்ம மாநிலத்துக்குப் புதுசும் இல்லை. ஸ்கார்ஃப் அமைப்பு 2010-லேயே புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ் அனுப்பியது. உள்ளே திரையில் சென்னை டாக்டர், பஸ்ஸிலேயே மாத்திரை.

இப்போது பைசா செலவில்லாமல் தொடங்க டெலி மானஸ் இருக்கு. 2022 அக்டோபர் 10-ல் ஆரம்பிச்சது, நம்பர் 14416, இருபத்திநாலு மணி நேரமும் தமிழிலும் பேசலாம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். அவரால் முடியாததை மனநல சமூகப் பணியாளர், உளவியலாளர், மருத்துவர் இருக்கும் அடுத்த கட்டத்துக்கு மாற்றுவார். நீங்க பேசினதை ரகசியமா வைக்கணும்னு சட்டமே சொல்லுது. உயிருக்கு ஆபத்து மாதிரி சில சூழல்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

உயிரை மாய்க்கத் தோணுதுன்னு ஒரு நண்பன் சொன்னா அடுத்த வார அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீங்க. அவனைத் தனியா விடாம, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூடவே போங்க, இல்ல 108-ஐக் கூப்பிடுங்க. போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு வீட்டில் பயப்படுவாங்க. முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே 2017 சட்டம்.

அவன் பேச மறுத்தால், அவனுக்காக நீங்களே 14416-க்கு அடிக்கலாம். அவன் எங்க இருக்கான், பக்கத்துல யார் இருக்காங்கன்னுதான் முதலில் கேப்பாங்க.