கூரையைப் பிரித்த நால்வர்

கப்பர்நகூமில் இயேசு போதித்துக்கொண்டிருந்த வீட்டிற்கு, நால்வர் ஒரு முடக்குவாதக்காரரைக் கட்டிலோடு தூக்கி வந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் நாம் வாசித்திருக்கிறோம். வாசலில் பெருங்கூட்டம், உள்ளே செல்ல வழியில்லை. அந்த நால்வரும் நோயாளியைத் திரும்பத் தூக்கிச் சென்றுவிடவில்லை. கூரையைப் பிரித்து அவரை ஆண்டவர் முன் இறக்கினார்கள். வீட்டிற்கு ஏற்றவாறு மனிதர் மாற இயலாதபோது, மனிதருக்கு ஏற்றவாறு வீடு மாற்றப்பட்டது.

இந்நாளில் கணிப்பொறியும் அத்தகைய ஒரு வீடாகிவிட்டது. படிப்பு, வேலை, வங்கிக் கணக்கு, அரசு உதவித்தொகைக்கான விண்ணப்பம், தொலைவிலிருக்கும் பிள்ளையோடு உரையாடல் ஆகிய அனைத்திற்கும் வாசல் அதுவே. ஆயின் அவ்வாசல், பத்து விரல்களும் செம்மையாக இயங்குகிறவர்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. கை நடுங்குகிறவரும், ஒரு விரலை மட்டுமே அசைக்க வல்லவரும், கழுத்துக்குக் கீழே உணர்வற்றவரும் எவ்வழியே நுழைவது? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் உடல் இயக்கம் குன்றியோர் மட்டும் 54 லட்சம் பேர். ஆகவே இது யாரோ சிலருடைய கவலையன்று.

'என்னால் இயலும்'

இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு அடிபட்டோருக்கான தனிப் பிரிவை 1944இல் டாக்டர் லுட்விக் குட்மன் தொடங்கினார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர் அவர். பின்னர் 1960ஆம் ஆண்டுகளில் ரெஜ் மாலிங் என்பவர், கைகால் அசைக்க இயலாத நோயாளிகளுக்காக அங்கே ஒரு கருவியை உருவாக்கினார். வாயில் வைத்த குழாயை உறிஞ்சினாலும் ஊதினாலும் மணி ஒலிக்கும், விளக்கு எரியும். தட்டச்சுப் பொறியும் எழுதும். ஒரு மூச்சே கையின் வேலையைச் செய்தது. அக்கருவியின் பெயர் 'போசம்'. இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு 'என்னால் இயலும்' என்பது பொருள்.

ஒரே ஓர் அசைவைக் கொண்டு எப்படி எழுத முடியும் என்று வாசகர்கள் வியக்கலாம். முறை எளிதானதே. எழுத்துகள் திரையில் வரிசை வரிசையாக நிற்கும். ஓர் ஒளி ஒவ்வொரு வரிசையாக நகர்ந்து வரும். வேண்டிய வரிசை வந்ததும் சுவிட்சை அழுத்தினால், ஒளி அவ்வரிசையின் எழுத்துகளில் ஒவ்வொன்றாக நகரும். மறுபடி அழுத்தினால் எழுத்துப் பதிவாகும். 30 எழுத்துகளை ஒரே வரிசையில் வைத்தால் கடைசி எழுத்தை அடைய 30 நகர்வுகள் வேண்டும். ஆறாறாக 5 வரிசைகளில் வைத்தால் 11 நகர்வுகளே போதும்.

தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே என்று மலைக்க வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 இருந்தால் மற்றவை அவற்றின் சேர்க்கையாலேயே பிறக்கும். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகை இந்த இலக்கண நெறியில்தான் அமைந்தது. 'க'வை அழுத்தி 'ஆ'வை அழுத்தினால் 'கா' வந்துவிடும். கிரந்த எழுத்துகள் போன்ற சிலவற்றைத் தவிர, இரு விசைகளைச் சேர்த்தழுத்தும் தொல்லை இல்லை. ஒற்றை விரலால் எழுதுகிறவருக்கு இது எத்துணை ஆறுதல்!

மாமியாருக்காகப் பிறந்த கருவி

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு நரம்புத் தளர்ச்சி நோய் இருப்பது 1963இல், அவருடைய 21ஆம் வயதில் தெரியவந்தது. 1985இல் நிமோனியா தாக்க, உயிரைக் காப்பதற்காகத் தொண்டையில் துளையிட்டபோது எஞ்சியிருந்த பேச்சும் போயிற்று. அட்டையில் எழுத்துகளை ஒருவர் சுட்டிக்காட்ட, இவர் புருவத்தை உயர்த்திச் சொற்களைக் கூட்டினார். அப்போது வால்டர் வோல்டோஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், அதே நோயுற்ற தம் மாமியாருக்காக எழுதிய கணிப்பொறித் திட்டத்தை அவருக்கு அனுப்பினார். ஒரு மருமகனின் பரிவு ஒரு பேரறிஞருக்குக் குரலாயிற்று. 1988இல் அவருடைய புகழ்பெற்ற நூலும் வெளிவந்தது.

கைவிரலும் ஓய்ந்தபின், மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணர்கருவி கன்னத் தசையின் துடிப்பை அறிந்து கணிப்பொறிக்குச் சொன்னது. ஒரு கட்டத்தில் நிமிடத்திற்கு ஒரு சொல் அளவிற்கே அவரால் எழுத முடிந்தது. எனினும் உலகம் காத்திருந்து கேட்டது. கடவுள் நம்பிக்கை இல்லாதவராயினும் 1986இல் அவர் பாப்பிறையின் அறிவியல் கழகத்தில் உறுப்பினராக்கப்பட்டார். 2018இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் பயன்படுத்திய மென்பொருளை 2015இல் இன்டெல் நிறுவனம் அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டது.

வீட்டிலேயே இருக்கும் உதவி

இவையெல்லாம் பெரிய இடத்து வசதிகள், நமக்கு எட்டாதவை என்று எண்ணிவிட வேண்டாம். 1995இல் வந்த விண்டோஸ் முதலாகவே பல வசதிகள் சாதாரணக் கணிப்பொறிக்குள் இருக்கின்றன. ஷிஃப்ட் விசையை அழுத்தி விட்டபின் அடுத்த விசையைத் தனியே அழுத்தலாம். நடுங்கும் விரல் தவறுதலாகத் தொட்டவற்றைப் பொறி கணக்கில் கொள்ளாதிருக்கச் செய்யலாம். மவுஸைப் பிடிக்க இயலாதவர் எண் விசைகளாலேயே அதன் குறியை நகர்த்தலாம். 2017 முதல் கூகுளின் குரல் தட்டச்சு தமிழையும் எழுதுகிறது. கண்ணின் பார்வை சென்ற இடத்தை அறிந்து இயங்கும் கருவிகளும் வந்துள்ளன. இவற்றுள் பலவற்றிற்குத் தனியே ஒரு காசும் வேண்டியதில்லை. 'அமைப்புகள்' என்னும் பகுதியைத் திறந்து பார்க்க ஒருவர் முன்வந்தால் போதும்.

இதில் வசதியைவிடப் பெரிதான ஒன்று அடங்கியிருக்கிறது. தம் கடிதத்தைப் பிறர் கையால் எழுதுவிக்கும் ஒருவருக்கு இரகசியம் என்று ஏதும் இல்லை. தம் துயரத்தையும், கோபத்தையும், ஏன், தம்மைப் பேணுகிறவர்மீதுள்ள மனக்குறையையும் அவர் விழுங்கிக்கொள்ள வேண்டியதாகிறது. தாமே எழுதத் தொடங்கும் நாளில் அவர் தம் உள்ளத்திற்கு உரிமையாளராகிறார். உதவி செய்வது அன்பு; உதவியின்றி வாழ வழிசெய்வது அதனினும் உயர்ந்த அன்பு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சாதனங்களும் சேவைகளும் அவர்களுக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும் என்கிறது. சட்டம் செய்வதைச் சட்டம் செய்யட்டும். நம் பங்குகளில் இளைஞர் இயக்கங்களும் மரியாயின் சேனையினரும் வீடுகளைச் சந்திக்கச் செல்கிறார்கள். கட்டிலில் கிடப்பவருக்காகச் செபித்தபின், அவ்வீட்டுக் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ இந்த வசதிகளை அமைத்துக் கொடுக்க அரைமணி நேரம் செலவிடலாமே! நம் பள்ளிகளில் கணிப்பொறி அறை மாடியில் இருந்தால் அதைக் கீழே கொண்டுவரலாம். சக்கர நாற்காலி நுழையுமாறு ஒரு மேசையின் உயரத்தை மாற்றலாம்.

இன்னொன்றும் உண்டு. அவர் எழுத்தெழுத்தாகத் தேடி எழுதும்போது, முடிக்கப்போகும் சொல்லை நாமே முந்திச் சொல்லிவிடாமல் காத்திருக்கப் பழகுவோம். அதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.