வளவில் முளைத்த ரோசா கடைக்குப் போகும்போது



1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போன நம்ம சனத்தில் பலர் இன்றும் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களிலேயே இருக்கிறார்கள். உங்களில் எத்தனையோ பேருக்கு அங்கே அக்கா, தங்கச்சி, மாமன், மச்சான் என்று உறவு உண்டு. அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்து வர முள்ளிவாய்க்காலுக்குப் போயிருந்தோம். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், நடுவே மணல். 2009 மே மாதத்தில் போர் முடிந்த இடம் அது. எல்லாம் போய், திரும்பி வந்து, முதலிலிருந்து தொடங்கிய சனம். அந்த வீட்டு வளவில் ஒரு ரோசாச் செடி நின்றது. கொளுத்துகிற வெயிலில் கொத்தாகப் பூத்திருந்தது.

“அட்டனிலிருந்து தங்கச்சி நாலு தரம் ஒட்டுச்செடி குடுத்து விட்டாள் தம்பி. நாலும் செத்துப் போச்சு. இது யாரும் வச்சதில்ல. வேலியோரம் நின்ன பழைய ரோசாவோட காய் விழுந்து தானா முளைச்சது” என்றார் அந்த அக்கா. பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: “பூங்கன்று யாவாரி ஒருத்தர் வந்து பத்துத் தடி வெட்டித் தாங்க, காசு தாறேன்னு நிக்கிறார். குடுக்கலாமா?”

எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வந்து விசாரித்தோம், படித்தோம். அந்த அக்காவுக்கு எழுதிய பதிலையே உங்களுக்கும் விரித்துச் சொல்கிறோம். லயத்து வாசலில் ரோசா வளர்க்காத தோட்டம் ஏது? நாளைக்கு இதே கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

முதலில், விதையில் முளைத்த ரோசா என்றால் என்ன என்று பார்ப்போம். தேயிலை தெரிந்தவர்களுக்கு இது இரண்டு நிமிடக் கதை. பழைய மலைகளில் நிற்கும் விதைத் தேயிலையைப் பாருங்கள். ஒரு செடி போல மறு செடி இருக்காது. ஒன்றின் இலை சிறிது, ஒன்றின் இலை பெரிது, ஒன்று கவ்வாத்துக்குப் பிறகு சீக்கிரம் துளிர்க்கும், ஒன்று முரண்டு பிடிக்கும். வீ.பி. தேயிலை அப்படியா? தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 எத்தனை ஏக்கரில் நின்றாலும், எல்லாம் ஒரே ஒரு தாய்ச் செடியின் பிள்ளைகள். ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டித் தவறணையில் பொலித்தீன் பையில் நட்டு உண்டாக்கியவை. (வன்னியில் தவறணை என்றால் கள்ளுக்கடை. அங்கே போய் “தவறணை எங்கே இருக்கு?” என்று கேட்டுவிட்டு நாங்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.)

ரோசாவும் இதே கணக்குத்தான். விதையில் வந்த ஒவ்வொரு செடியும் உலகத்தில் புதுச் செடி. தடியில் வந்தது பழைய செடியின் நகல். ஆகவே முள்ளிவாய்க்கால் அக்கா வளவில் நிற்பது வேறெங்கும் இல்லாத ஒரு செடி. அது நல்ல இரகமா, சும்மா ஒரு செடியா என்பது வேறு கேள்வி.

தானாக முளைப்பது அபூர்வம். மனிதர் கையால் செய்வதும் உண்டு. மொட்டு விரிவதற்கு முன்பே இதழைக் கிள்ளி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை எடுத்துவிட வேண்டும். வேறு செடியின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையால் தடவி, கடதாசிப் பையால் மூடி, எந்தச் செடி தாய், எந்தச் செடி தகப்பன் என்று ஒரு துண்டில் எழுதிக் கட்ட வேண்டும். காய் பழுக்க மூன்று நான்கு மாதம். விதையைச் சில வாரம் ஈரத்தோடு குளிரில் வைத்து விதைத்தால் சில முளைக்கும், பல முளைக்காது. முளைத்த நூற்றில் ஒன்றிரண்டு தேறினால் பெரிய காரியம். இதற்குப் பட்டமும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம். பொறுமையும் எழுதி வைக்கிற பழக்கமும் வேண்டும்.

அதனால்தான் உலகத்தில் நல்ல ரோசாக்கள் பலவற்றை உண்டாக்கியவர்கள் அதைத் தொழிலாகச் செய்யாதவர்கள். இந்தியாவின் டாக்டர் பி.பி.பால் கோதுமை விஞ்ஞானி. ரோசா அவருக்கு வேலை முடிந்த பிறகு செய்யும் பொழுதுபோக்கு. அவர் உண்டாக்கிய ‘டெல்லி பிரின்சஸ்’ 1963இல் வெளிவந்தது.

நமக்கு இன்னும் நெருங்கியவர் கொடைக்கானல் எம்.எஸ்.வீரராகவன். இந்திய ஆட்சிப் பணியில் அதிகாரியாக இருந்தவர். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மனைவி கிரிஜாவோடு கொடைக்கானலில் குடியிருந்து ரோசா உண்டாக்கத் தொடங்கினார். அவருடைய எண்ணம் முள்ளிவாய்க்காலுக்கு அப்படியே பொருந்தும். கடையில் விற்கும் ரோசாக்களின் முன்னோர் பெரும்பாலும் குளிர் நாட்டுச் செடிகள். நுவரெலியாவில், ஹக்கலைப் பூங்காவில் செழித்து நிற்கும். வெப்பக் காட்டில் போட்டால் இளைத்துச் சாகும். அப்படியென்றால் வெப்பம் தாங்கும் காட்டு ரோசாக்களைத் தேடிப் பிடித்து அவற்றோடு சேர்த்தால் என்ன?

அவர் தேர்ந்தெடுத்தவை இரண்டு. ஒன்று மணிப்பூர் மலைகளிலும் பர்மாவிலும் மரங்களின் மேல் ஏறிப் படரும் ‘ரோசா ஜைகாண்டியா’. மற்றது வங்காளத்துப் பக்கம் வெள்ளம் நிற்கும் ஆற்றோரங்களில் வளரும் ‘ரோசா கிளினோஃபில்லா’. வெள்ளத்தில் நின்று பிழைக்கிற ரோசா என்றால் நம்புவீர்களா? கணவனும் மனைவியுமாக மணிப்பூர் மலைக்கே போய் அந்தக் காட்டு ரோசாவைக் கண்டு வந்து, பல ஆண்டு கலந்து, நூற்றுக்கு மேற்பட்ட இரகங்களை உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்றுக்கு, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்த தாவர விஞ்ஞானி ஈ.கே.ஜானகி அம்மாளின் பெயரை வைத்திருக்கிறார்கள். மஞ்சள் சாயல் பூ. இவர்களுடைய ரோசாக்களை அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து நாற்றுப்பண்ணை கூட விற்பனைக்கு வைத்தது. கொடைக்கானல் வீட்டுத் தோட்டத்தில் முளைத்தது கடல் கடந்து விலைப்பட்டியலில் ஏறிவிட்டது.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். செடி விற்றால் உண்டாக்கினவருக்கு என்ன கிடைக்கும்?

பெரும்பாலும் பெயர் கிடைக்கும். காசு கொஞ்சம், அல்லது இல்லை. ஆஸ்திரேலியாவில் அலிஸ்டர் கிளார்க் என்றொருவர் இருந்தார். அவரும் அந்த ஜைகாண்டியாவை வைத்தே அவர் நாட்டு வெயிலுக்கு ஏற்ற ரோசாக்களை உண்டாக்கினார். 1924இல் வந்த அவருடைய ‘லொரெய்ன் லீ’ குளிர்காலத்திலும் பூக்கும். வசதி உள்ளவர், ஆகவே தன் செடிகளைப் பூச்செடிச் சங்கங்களுக்கே கொடுத்துவிட்டார். விற்ற காசு சங்கத்துக்கு. வசதி இருந்தால் அப்படிக் கொடுக்கலாம். நம்ம அக்காவுக்கு அந்த நிலை இல்லை.

பெயராவது உரியவருக்குச் சேருகிறதா? அதிலும் தகராறு உண்டு. இங்கிலாந்தில் ஜோசப் பெம்பர்டன் என்ற பாதிரியார் தன் சகோதரியோடு சேர்ந்து ரோசா உண்டாக்கிப் பேர் வாங்கினார். 1926இல் அவர் இறந்தார். அவர் தோட்டத்தில் வேலை பார்த்த ஜான் பென்டாலும் அவர் மனைவி ஆனும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். 1937இல் வெளிவந்த ‘பாலரினா’ அவர்கள் கைவேலை. இன்றும் உலகமெங்கும் விற்கிறது. ஆனாலும் பென்டால் தம்பதி உண்டாக்கியவற்றைப் பாதிரியார் கணக்கில் சேர்த்துப் பேசுகிற வழக்கம் நெடுநாள் இருந்தது. தோட்டக்காரரின் கை உண்டாக்கியது பங்களாக்காரர் பெயரில் போவது நமக்குப் புதுசா என்ன?

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1930இல் செடிக்குப் பேட்டன்ட் தரும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு முதலாவது பேட்டன்ட் வாங்கியதே ‘நியூ டோன்’ என்ற ரோசாதான். இன்று அங்கே 20 ஆண்டுக்கு உரிமை உண்டு. அனுமதியில்லாமல் தடி நட்டு விற்க முடியாது. இந்தியாவில் 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவரையும் இரகம் உண்டாக்கினவராக ஏற்றுக்கொள்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் செடிகளுக்குப் பேட்டன்ட் கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே தடி படலையைத் தாண்டினால் தாண்டினதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தடியில் ஐந்து கண். ஒட்டுக்கட்டத் தெரிந்தவருக்கு ஒரு கண்ணே ஒரு செடி. பத்துத் தடி என்றால் ஐம்பது செடி. அந்த ஐம்பதும் வளர்ந்து செடிக்குப் பத்துத் தடி கொடுத்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு கண். யாவாரி கேட்டது பத்துத் தடி இல்லை, முழுச் செடியையும்தான். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் தொழில் அது. அவர் போன்றவர்கள் பெருக்கி விற்காவிட்டால் எந்த நல்ல ரோசாவும் ஒரு வளவோடு பிறந்து அந்த வளவோடு செத்துவிடும். ஒரே செடியாக வைத்திருப்பதும் ஆபத்து. ஒரு புயல் போதும், கட்டாக்காலி மாடு ஒன்று போதும்.

ஆகவே அக்காவுக்கு எழுதினோம்: தடியாகக் கொடுக்காதீங்க. உங்க பிறந்த வீட்டில் எல்லாருக்கும் தவறணை வேலை தெரியும். நீங்களே தடி போட்டு வேர் பிடித்த கன்றாக விற்றால் ஒவ்வொரு கன்றுக்கும் காசு. அதிலிருந்தும் அவர் பெருக்குவார், அதைத் தடுக்க முடியாது. ஆனால் முதல் இரண்டு ஆண்டு விற்பனை உங்க கையில் இருக்கும். மலைநாட்டில் தங்கச்சி வளவிலும் ஒரு கன்று வையுங்க, அங்கேயும் இப்படியே பூக்கிறதா என்று பாருங்க. பூவைத் திகதியோடு படம் பிடித்து வையுங்க. தாய்ச் செடி எது, எந்த ஆண்டு முளைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்க. முதல் கன்று வெளியே போகும் முன்பே ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரில்தான் விற்பேன் என்று யாவாரியிடம் எழுத்தில் வாங்குங்க. உலகமெங்கும் உள்ள ரோசாப் பெயர்களை அமெரிக்க ரோசாச் சங்கம் பதிவு செய்கிறது. அங்கே பதிந்தால் காசு உரிமை வராது. ஆனால் இன்னார் உண்டாக்கினார், இந்த ஆண்டு என்று ஏட்டில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றால் எங்கள் நிதியத்துக்கு விபரத்தை அனுப்புங்க, நாங்கள் நிரப்பித் தருகிறோம். வாசகர்களுக்கும் இதையே சொல்கிறோம்.

போன கிழமை அக்கா தொலைபேசியில் பேசினார். பன்னிரண்டு தடி பையில் போட்டிருக்கிறாராம். எட்டு துளிர்த்துவிட்டது. யாவாரியை மழைக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை. மகள் ஒரு பெயர் சொல்கிறாளாம், அக்காவுக்குத் தன் அம்மா பெயரை வைக்க ஆசையாம்.