திரையில் ஒரு சிவப்புப் புள்ளி

இப்படி ஒரு நிலையை எடுத்துக்கொள்ளலாம். சுங்கை சிப்புட்டுக்கு அருகில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் எழுந்த ஒரு வீடமைப்புப் பகுதி. அங்கு வாழும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்திக்கு, அவளுடைய அம்மா ஈப்போவில் ரி.ம. 2,500 கொடுத்துப் புதிய மடிக்கணினி வாங்கித் தருகிறார். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் ரி.ம. 1,700. அதைப் பெறும் ஒருவருக்கு இந்தத் தொகை ஏறத்தாழ ஒன்றரை மாத உழைப்பு. வீட்டில் பெட்டியைப் பிரித்துக் கணினியை இயக்கியபோது, கறுத்த திரையின் இடப்பக்க மூலையில் ஊசிமுனை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. துணியால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. மற்ற எல்லாம் நன்றாகவே வேலை செய்தன.

மாற்றிக் கேட்பதா, அப்படியே விட்டுவிடுவதா?

“இதற்காக யாராவது முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போவார்களா? கடைக்காரர் சிரிப்பார்” என்றாள் மாணவி. பாட்டிக்கு அது சரியாகப் படவில்லை. அவர் பால்மரம் வெட்டிய காலத்தில், கொண்டு வரும் பாலை எடைபோட்டதோடு விடமாட்டார்கள். மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்த்த பிறகே கணக்கு எழுதுவார்கள். “நாங்கள் கொடுத்த பாலை அப்படிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். நாம் காசு கொடுத்து வாங்கியதை நாம் பார்க்கக் கூடாதா?” என்று கேட்டார் பாட்டி.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. முடிவெடுக்கும் முன் அந்தப் புள்ளி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றின் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 எனப் படப்புள்ளிகள் அடுக்கப்பட்டுள்ளன. இவற்றைத்தான் பிக்செல் என்கிறோம். பெருக்கினால் 2,073,600 வருகிறது. ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்புள்ளிகளால் ஆனது. ஆகவே, ஒரே திரையில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்புள்ளிகள்! திரவப் படிகத் திரையில், பின்னாலிருந்து வரும் ஒளியை எவ்வளவு விடுவது என்பதை ஒவ்வொரு நுண்புள்ளியிலும் உள்ள மெல்லிய டிரான்சிஸ்டர் கட்டுப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று பழுதானாலும் கண்ணுக்குத் தெரியும். ஒரு நிறம் மட்டும் அணையாமல் நின்றுவிட்டால், அது சிக்கிய புள்ளி. வெள்ளைத் திரையிலும் கறுப்பாகவே இருந்தால், அது செத்த புள்ளி. மாணவி கண்டது முதல் வகை.

இதைச் சோதிப்பது எளிது. திரை முழுவதையும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும். எல்லா நிறத்திலும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிவது பெரும்பாலும் தூசாக இருக்கும். விரலால் அழுத்தித் தேய்த்தால் புள்ளி மறையும் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. அழுத்தியதால் திரை மேலும் கெட்டால், பழி வாங்கியவர் மீதே விழும்.

கடைக்குப் போனால், “ஒரு புள்ளி ஏற்கத்தக்க அளவுதான்” என்ற பதில் கிடைக்கலாம். அது வெறும் சாக்கன்று. அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு 2001-இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 13406-2 என்னும் தரநிலை, தட்டைத் திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் ஒரு பழுதும் கூடாது. இரண்டாம் வகுப்பிலோ, பத்து இலட்சம் படப்புள்ளிகளுக்கு எப்போதும் ஒளிரும் புள்ளி இரண்டு, எப்போதும் இருண்ட புள்ளி இரண்டு, நுண்புள்ளிப் பழுது ஐந்து வரை இருக்கலாம். 2008-இல் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்தது. இத்தகைய அளவுகளையொட்டியே நிறுவனங்கள் பல தம் உத்தரவாத விதிகளை வகுத்துள்ளன. இந்தக் கணக்கில், மாணவியின் திரையில் பத்து நுண்புள்ளிகள் கெட்டிருந்தாலும் இரண்டாம் வகுப்பில் தேறிவிடும்.

ஆனால், இது தயாரிப்பாளரின் அளவுகோல். நாட்டின் சட்டம் வேறு. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அது பயனுக்கு ஏற்றதாகவும் பாதுகாப்பானதாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும். தோற்றமும் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும். இவற்றோடு “சிறு குறைகள் அற்றதாக” என்றும் சட்டம் சேர்த்துச் சொல்கிறது. நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே நிபந்தனை உண்டு.

அப்படியென்றால் சிவப்புப் புள்ளிக்காகப் புதிய கணினி உடனே கிடைத்துவிடுமா? அவ்வளவு எளிதன்று. பொருளின் தன்மை, விலை, விற்பனையின்போது சொல்லப்பட்டவை ஆகியவற்றை மனத்தில் கொண்டு, நியாயமான ஒரு பயனீட்டாளர் அதை ஏற்பாரா என்றே சட்டம் பார்க்கிறது. வாங்கும் முன்பே கடைக்காரர் குறையைச் சுட்டிக்காட்டி, அதற்காக விலையைக் குறைத்திருந்தால், பிறகு அதே குறைக்காகக் கோர முடியாது. குறையைச் சரிசெய்யும் பொறுப்பைக் கடைக்காரர் பழுதுபார்த்துக் கொடுத்தும் நிறைவேற்றலாம். அதே வகைப் பொருளை மாற்றிக் கொடுத்தும் நிறைவேற்றலாம். மாற்றித்தான் தர வேண்டும் என்று எப்போதும் வற்புறுத்த இயலாது. பலர் தவறாக எண்ணும் இடம் இதுதான். அதே வேளையில், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் ஒட்டிவிடுவதால் மட்டும் சட்டம் தந்த உரிமை அழிந்துவிடாது.

காலமும் முக்கியம். பொருளைத் திருப்பும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மூன்று மாதம் பயன்படுத்திவிட்டு, முதல் நாளே பார்த்த புள்ளியைப் பற்றிப் பேசினால் எடுபடாது. குறையை அன்றே படமெடுத்து, பற்றுச்சீட்டோடும் பெட்டியோடும் கடைக்குத் தெரிவிப்பதே முறை. பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் ரி.ம. 5 மட்டுமே, வழக்கறிஞர் தேவையில்லை. ரி.ம. 50,000 வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அதன் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. திரையின் நடுவில் இருக்கும் புள்ளியும் மூலையில் இருக்கும் புள்ளியும் ஒன்றல்ல. கட்டுரை எழுதுபவருக்கு உறுத்தாதது, ஓவியம் வரைபவரின் கண்ணை உறுத்தும். திரையைப் பழுதுபார்க்க அனுப்பினால் சில வாரங்கள் கணினி இல்லாமல் இருக்க நேரலாம், எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது அது சிறிய இழப்பன்று. மாற்றி வாங்கும் கணினியில் வேறு குறை இருக்கவும் கூடும்.

அம்மாவும் மாணவியும் மூன்றாம் நாளே ஈப்போவுக்குப் போனார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. ஏழு நாள்களுக்குள் வந்ததால் மாற்றித் தருவதாகச் சொல்லி, இருப்பில் இருந்த இன்னொரு பெட்டியைத் திறந்தார். கடையிலேயே திரையைக் கறுப்பாக்கிப் பார்த்தார்கள். புள்ளி எதுவும் இல்லை. ஆனால், கீழ் விளிம்பு நெடுகப் பின்னொளி வெள்ளைத் திட்டுகளாகக் கசிந்துகொண்டிருந்தது. மாணவி இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன்னுடைய பழைய கணினியையே எடுத்துக்கொண்டாள். அம்மா மட்டும் உடனே கிளம்பவில்லை. பற்றுச்சீட்டின் பின்புறத்தில், ‘திரையில் ஒரு சிவப்புப் புள்ளி, ஓராண்டுக்குள் இன்னொன்று தோன்றினால் மாற்றித் தரப்படும்’ என்று எழுதச் சொல்லி, தேதியும் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்ட பிறகே பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.