ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை: போட்ட காசு 16 மாதத்தில் திரும்புமா?

காரைக்குடி பக்கம் போய் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துத் திரும்பும் பலருக்கும் ஒரு யோசனை வரும்: "ஆத்தங்குடியில ஒரு டைல்ஸ் பட்டறை போட்டா என்ன?" கூடவே ஒரு கணக்கும் வரும்: "8 லட்சம் முதலீடு. மாசம் 2 லட்சம் விற்பனை, ஒன்றரை லட்சம் செலவு. மிச்சம் 50 ஆயிரம். 16 மாசத்துல போட்ட காசு வந்துடும்!"

இந்தக் கணக்கு சரிதானா? எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால், எந்தச் சிறுதொழிலுக்கும் இதே கேள்விகள்தான்.

உங்க சம்பளம் எங்கே?

பட்டறையை நீங்களே பார்த்துக்கொண்டால் உங்கள் உழைப்பு இலவசமாகிவிடாது. அந்த வேலைக்கு ஆள் வைத்தால் மாதம் 25,000 ரூபாய் என்று வைப்போம். அதைக் கழித்தால் மிச்சம் 25,000தான்.

மழை மாதங்கள்

ஆத்தங்குடி டைல்ஸுக்குச் சூளை கிடையாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறவைத்துக் காயவைப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் காய்வதும் தாமதம், கட்டுமான வேலையும் மந்தம். இரண்டு மாதம் வியாபாரம் இல்லை என்று வைத்தாலும் வாடகை 15,000, மேற்பார்வைச் சம்பளம் 25,000 நிற்காது.

பத்து மாத மிச்சம் 2.5 லட்சம். மழைக்காலச் செலவு 80,000 போக 1.7 லட்சம். அச்சு, தொட்டி, ஷெட் தேய்மானம் 40,000 போனால், ஆண்டு லாபம் 1.3 லட்சம்.

முடங்கும் பணம்

காய்ந்துகொண்டிருக்கும் சரக்கு, பில்டரிடமிருந்து வரவேண்டிய பாக்கி என இரண்டு மாதச் செலவான 3 லட்சம் எப்போதும் வெளியேதான் நிற்கும். ஆக, உண்மையான முதலீடு 11 லட்சம். கையில் மிஞ்சும் 1.7 லட்சத்தை வைத்துப் பார்த்தால், 16 மாதம் இப்போது ஆறரை வருடமாகிவிட்டது.

11 லட்சத்துக்கு 1.3 லட்சம் என்றால் கிட்டத்தட்ட 12 சதவீதம். அதே பணத்தை 7 சதவீத எஃப்.டி.யில் போட்டால் தூங்கிக்கொண்டே 77,000 வரும். அத்தனை ரிஸ்க்குக்கும் கூடுதலாகக் கிடைப்பது 53,000. முழுவதையும் 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் அதுவும் இல்லை, பேங்குக்காக உழைக்கிறீர்கள்.

விலை குறைந்தால்?

ஆத்தங்குடி டிசைனிலேயே மெஷின் டைல்ஸும் கடைக்கு வருகிறது. போட்டிக்காக 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் வருடத்துக்கு 2 லட்சம் போச்சு. லாபம் 70,000 நஷ்டமாக மாறும்.

இந்தப் பாடம் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. ஆண்டு முடிவில் 'ஐந்தொகை' போட்டுப் பார்க்கும் பழக்கம் கொண்ட நகரத்தார், பர்மாவில் நெல் வயல்களை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்தார்கள். 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் அவர்களிடம் இருந்த பங்கு 1930இல் சுமார் 6 சதவீதம். 1938க்குள் சுமார் 25 சதவீதம். ஏட்டில் சொத்து, கையில் காசில்லை. 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

மானியம் இருக்கே?

பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கிராமப்புறத்தில் தொடங்கும் பொதுப்பிரிவினருக்குத் திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம் உண்டு. ஆனால், அது உடனே கைக்கு வராது; 3 ஆண்டுகள் வங்கியிலேயே இருந்து, பிறகுதான் கடனில் கழியும். மானியம் இல்லாமலே தேறும் தொழிலுக்கு அது பலம். தேறாத தொழிலை அது காப்பாற்றாது.

அப்போ வேண்டாமா? அப்படியில்லை. இதே பட்டறைக்கு முன்பணம் கொடுக்கும் ஆர்க்கிடெக்ட் இரண்டு பேர் கிடைத்தால், முடங்கும் 3 லட்சம் பாதியாகும், கணக்கே மாறும். அதனால் ஷெட் போடும் முன் ஆர்டரைத் தேடுங்கள். பட்டறை நடத்துபவரிடம் பேசும்போது நல்ல மாசத்து விற்பனையைக் கேட்காதீர்கள், "ஐப்பசி, கார்த்திகையில எவ்வளவு ஓடுச்சு?" என்று கேளுங்கள்.