துருவும் துப்பாக்கியும்

நம் ஹைதராபாத்தில் கன்ஃபவுண்டரி என்ற பேட்டையை அறியாதவர் இருக்க முடியாது. நிஜாமின் படையில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ரேமண்ட், பீரங்கி வார்ப்பதற்காக 1795-இல் அங்கே ஓர் ஆலை அமைத்தார். 'தோப் கா சாஞ்சா' என்று பழைய ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆலை பாழடைந்தது, பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் அதே பேட்டையில்தான் ஸ்டேட் பாங்க் ஆஃப் ஹைதராபாத்தின் தலைமை அலுவலகம் இருந்தது. (2017-இல் அந்த வங்கியும் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவில் கலந்துவிட்டது.) எந்த வங்கியின் வாசலிலும் காவலரின் தோளில் தொங்கும் 12 போர் துப்பாக்கியைக் காணும்போது, ஓய்வு பெற்ற பிறகும் விடாத என் ரயில்வே புத்தி ஒரு கேள்வி கேட்கும்: இதைக் கடைசியாகத் திறந்து துடைத்தது யார், எப்போது?

வீடுகளிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் வேட்டை பெரிய பொழுதுபோக்கு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது, துப்பாக்கிகள் பீரோவுக்குள் போயின. ஓடும் இயந்திரத்தை விட ஓடாமல் நிற்கும் இயந்திரமே சீக்கிரம் கெடும் என்பது பட்டறையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஷெட்டில் சும்மா நின்ற நீராவி எஞ்சினை மறுபடி கிளப்ப நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தந்தையின் காலத்துக்குப் பின் முறைப்படி உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட நண்பர் ஒருவர், தம்மிடமுள்ள பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியைப் பார்க்க அழைத்தார். இரட்டைக்குழல் துப்பாக்கியை மடக்கினால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பம்ப் ஆக்‌ஷன் அப்படியல்ல. குழலுக்கு அடியில் ஒரு குழாயில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் போல்ட் பூட்டு விடுபட்டு, சுட்ட தோட்டா வெளியே விழும்; அடுத்தது மேலே வரும். முன்னால் தள்ளினால் அது அறைக்குள் புகுந்து போல்ட் பூட்டிக்கொள்ளும். போல்ட் முழுவதும் பூட்டாதவரை சுத்தியல் அடிக்க முடியாதபடி ஓர் ஏற்பாடு உண்டு. பாயிண்ட் சரியாக விழுந்து பூட்டினாலொழிய சிக்னல் லீவர் இழுபடாது அல்லவா? அந்த இன்டர்லாக்கிங் தத்துவமேதான்!

ஆகவே முதல் வேலை துடைப்பது அன்று, காலி செய்வது. அறை காலியாகிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பது பெரும் பிழை. அடிக்குழாயில் ஒரு தோட்டா ஒளிந்திருக்கலாம். குழலின் வாய் ஆளில்லாத பக்கம் இருக்க, விரல் விசையைத் தொடாமல், முன்கட்டையை இழுத்து அறையையும் குழாயையும் கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும்.

நண்பரின் துப்பாக்கி வெளியே பளபளவென்றுதான் இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எண்ணெய் தடவியிருக்கிறார்கள். கோளாறே அந்த எண்ணெயில்தான்! வருடக்கணக்கில் உள்ளே வழிந்து, தூசியோடு சேர்ந்து கோந்தாக இறுகிவிட்டது. போல்ட்டுக்குள் இருக்கும் ஃபயரிங் பின் அந்தக் கோந்தில் ஒட்டி முன்னே நீட்டியபடியே நின்றது. இந்த நிலையில் தோட்டாவைப் போட்டு முன்கட்டையைத் தள்ளினால், விசையைத் தொடாமலேயே வெடிக்கக்கூடும். இன்டர்லாக்கிங் எல்லாம் அங்கே செல்லாது. பின்கட்டையிலும் எண்ணெய் ஊறி, இரும்பு சேரும் இடத்தில் மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது.

மூடியைத் திருகிக் குழலைத் தனியே கழற்றினோம். சுத்தம் செய்யும் கம்பியை எப்போதும் தோட்டா அறைப் பக்கமிருந்தே நுழைக்க வேண்டும். வாய்ப்பக்கமிருந்து தள்ளினால் அழுக்கு முழுவதும் அறைக்கு வந்து சேரும். வெண்கல பிரஷ், மண்ணெண்ணெய், பிறகு வெள்ளைத் துணி, துணி வெள்ளையாகவே வெளிவரும் வரை. பழைய காலத்துத் தோட்டாக்களின் கேப் மருந்து ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரிக்கும். மண்ணெண்ணெயிலோ எண்ணெயிலோ அந்த உப்பு கரையாது. கொதிக்கும் தண்ணீரில்தான் கரையும். தண்ணீரா என்று நண்பர் பதறினார். கொதிநீர் ஊற்றிய குழல் தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். உடனே துடைத்து மெல்லிய எண்ணெய் பூசினால் போதும்.

வெளித்துருவுக்கு உப்புத்தாள் கூடாது. எண்ணெயில் தோய்த்த மிக நயமான ஸ்டீல் ஊலால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். குழலின் நீலம் கலந்த கருநிறம் அழகுக்காகப் பூசியதன்று. அதுவும் ஒரு காப்பு. போல்ட்டை நாங்கள் பிரிக்கவில்லை. பழுது பார்ப்பது உரிமம் பெற்ற கடைக்காரரின் வேலை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதற்கெனத் தனி உரிமம் கேட்கிறது. துப்பாக்கி அங்கே போய்த்தான் பின் விடுபட்டது.

அளவு விஷயமும் ஒன்று உண்டு. 12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஆனால் விட்டம் ஒன்றானாலும் அறையின் நீளம் ஒன்றல்ல. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் 65 மில்லிமீட்டர், பிந்தியவற்றில் 70. சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா சின்ன அறையிலும் சாதுவாக நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகி, அழுத்தம் எகிறும். பாய்லர் ஆட்கள் இதைக் கேட்டாலே நெற்றியைச் சுருக்குவார்கள். தோட்டா வாங்குமுன் குழலின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிடுங்கள்.

உரிமக்காரர் காலமானால் துப்பாக்கி தானாகப் பிள்ளைக்கு வந்துவிடாது. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு வாரிசு விண்ணப்பிக்க வேண்டும். 2019-இல் வந்த திருத்தப்படி ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது.

தோலுறை பார்வைக்கு ராஜ களையாக இருக்கும். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்; பதனிட்ட உப்பும் அதில் உண்டு. நண்பரின் தோலுறை இப்போது காலியாகப் பரணில் இருக்கிறது. துப்பாக்கி பூட்டிய இரும்பு அலமாரியில், குழல் வாய் கீழ்நோக்கி, மிச்ச எண்ணெய் கட்டைக்குள் இறங்காதபடி நிற்கிறது.