மதுரை வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகள்: ஆறு முதல் எட்டு வரை

கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் மாணவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர் கையிலுள்ள மேனிலைத் தேர்வு மதிப்பெண் பட்டியலைப் பற்றி அதனினும் மிகுதியாகப் பேசுகிறோம். ஆனால், பதினோராம் அகவை முதல் பதின்மூன்றாம் அகவை வரை அவர் எங்கே, எவ்வாறு பயின்றார் என்று வினவுவார் அரியர். தொடக்கக் கல்விக்கும் உயர்நிலைக் கல்விக்கும் இடையே கிடக்கும் அம்மூன்று ஆண்டுகளே ஒரு பிள்ளை கல்லூரிக்கு வருமா, பாதியில் நின்றுவிடுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன என்பது நம் கருத்து. ஆகவே மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் மனத்திற்கொண்டு நடுநிலைப் பள்ளியின் அன்றாட வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் மட்டும் உள்ளது தொடக்கப் பள்ளி. அதனோடு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளும் சேர்ந்தால் நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலோ மேனிலைப் பள்ளியிலோ சேர்ந்து பயில்வதும் உண்டு. எனினும் சிற்றூர்களில் இவ்வகுப்புகளுக்குப் பெரிதும் புகலிடமாய் இருப்பது நடுநிலைப் பள்ளியே. 2009இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் அதன்வழி வந்த மாநில விதிகளும், குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும் 3 கிலோமீட்டருக்குள் ஆறு முதல் எட்டு வகுப்புகளும் இருத்தல் வேண்டும் என்கின்றன. அச்சட்டத்தின் காப்பு பதினான்கு அகவையோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, முடிந்துவிடுகிறது. இதனை நினைவிற் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

மதுரைக்குக் கல்விப் பெருமை புதிதன்று. 1881இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கம், 1904இல் பாரதியார் சில திங்கள் தமிழாசிரியராய் இருந்த சேதுபதி உயர்நிலைப் பள்ளி என்று விழா மேடைகளில் அடுக்குவோம். இவையெல்லாம் நகரத்துப் பெருமைகள். சமவெளிச் சிற்றூர்களின் கல்வி வரலாறு வேறு வழியில் வந்தது. உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பகுதிகளில் கள்ளர் சமூகத்தார்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டதும், கைரேகை பதிவதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி உயிர்களைப் பறித்ததும் நாம் அறிந்தவையே. ஒருபுறம் இரவு தோறும் காவல் நிலையத்தில் ஆடவரைப் படுக்க வைத்த அரசு, மறுபுறம் சீரமைப்பு என்னும் பெயரால் அவ்வூர்களில் பள்ளிகளையும் திறந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது, பள்ளிகள் நிலைத்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அவ்வழி வந்தவை. அடக்குமுறையின் உடன்பிறப்பாய்த் தோன்றிய ஒரு பள்ளி, பின்னர் அவ்வூரின் முதல் பட்டதாரியை உருவாக்கும் இடமாக மாறியதென்றால், அந்த வெற்றி அரசினுடையது மட்டுமன்று. தம் பிள்ளைகளைத் துணிந்து அங்கு அனுப்பிய தாய்மாருடையதும் ஆகும்.

காலைப் பசியும் ஐந்தாம் வகுப்பின் எல்லையும்

மதுரைச் சமவெளியில் வைகறை சீக்கிரமே தொடங்கிவிடும். மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். காலைச் சந்தைக்குப் பூ போய்ச் சேர வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மணத்தை நாடறியும். அப்பூக்கொல்லைக்குத் தாய் சென்றபின் தம்பி தங்கையரை எழுப்பித் தலைவாரிப் பள்ளிக்கு அழைத்து வரும் ஏழாம் வகுப்புச் சிறுமியை அவ்வளவாக எவரும் அறியார். நகரத்திலும் நிலை ஏறத்தாழ இதுவே. தந்தை சுமை தூக்கவும், தாய் வீட்டு வேலைக்கும் செல்லும் குடும்பங்களில் அடுப்பு காலையில் எரிவதில்லை. முதல் உணவு நண்பகலில்தான்.

இக்காரணத்தால்தான் பள்ளியில் உணவு என்பது தமிழ்நாட்டில் கல்வி வரலாற்றின் ஒரு கூறாகவே ஆயிற்று. 1956இல் காமராசர் காலத்தில் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னர் முட்டையும், முட்டை உண்ணாதார்க்கு வாழைப்பழமும் சேர்ந்தன. காலை உணவுத் திட்டமோ நம் மதுரையிலேயே பிறந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் சிம்மக்கல் பகுதியிலுள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் குழந்தைகளோடு அமர்ந்து உண்டு அதனைத் தொடங்கி வைத்தார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். ஏறத்தாழ 1 இலட்சத்து 14 ஆயிரம் குழந்தைகள். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும், 2024 சூலையில் ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரும் ஒரு தலைமுறையின் காலை வேளையை மாற்றின என்பது மிகையன்று.

ஆயினும் இங்கே ஒரு முடிச்சு உண்டு. 2025 ஆகஸ்டு விரிவாக்கத்திலும் திட்டத்தின் எல்லை ஐந்தாம் வகுப்பாகவே இருந்தது. தொடக்கப் பள்ளியில் இது கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஆறாம் வகுப்பே இல்லை. நடுநிலைப் பள்ளியிலோ ஒரே முற்றம், ஒரே அடுப்பு, ஒரே மணி. ஏப்ரலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாய்த் தட்டேந்தியவன், சூனில் ஆறாம் வகுப்புப் பிள்ளையானதும் வேப்பமரத்தடியில் நின்று, தம்பி உண்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பசி வகுப்பு மாறியதை அறியுமா? உடல் விரைந்து வளரும் பருவம் பதினொன்று முதல் பதின்மூன்று. பெண் குழந்தைகளுக்கு இரும்புச் சத்து மிகத் தேவைப்படும் காலமும் அதுவே. எல்லைக் கோட்டை எட்டாம் வகுப்புவரை நகர்த்துதல் செலவுக் கணக்கில் பெரிதாயினும் நியாயக் கணக்கில் மிக எளிது என்பதே நம் துணிபு.

பாடமும் தேர்வும்

ஐந்தாம் வகுப்புவரை ஒரே ஆசிரியர் தாயைப் போல் எல்லாப் பாடமும் நடத்துவார். ஆறாம் வகுப்பில் மணியடிக்க மணியடிக்க ஆசிரியர் மாறுவர். மொழிகளுக்கு ஒருவர், கணக்கு, அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர் என இவ்வகுப்புகளுக்குப் பாட ஆசிரியர் இருத்தல் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆண்டுக்கு 220 வேலைநாள், 1,000 மணி நேரம் என்பனவும் அதன் கணக்கே. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி கற்பிக்க 2012இல் தமிழ்நாட்டில் பகுதிநேர ஆசிரியர் 16,549 பேர் அமர்த்தப்பட்டனர். அன்று அவர்க்கு வாரம் மூன்று அரைநாள் வேலை, திங்கள் ஊதியம் 5,000 ரூபாய். பந்தும் தூரிகையும் அரைநாள் பொருள்கள் என்று யார் முடிவு செய்தனரோ, அறியோம்.

பாடநூல்களிலும் மாற்றம் பல வந்தன. சமச்சீர்க் கல்வி 2010-11இல் முதலில் எட்டியது ஒன்றாம் வகுப்பையும் ஆறாம் வகுப்பையுமே. 2012-13இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்து புத்தகப் பையின் சுமை குறைந்தது. வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண் பிரிந்தது. 2018-19இல் புதிய பாடநூல்கள் வந்தபோதும் ஆறாம் வகுப்பு முதல் அணியில் நின்றது.

எட்டாம் வகுப்புவரை எவரையும் தேர்ச்சியின்மை காட்டி நிறுத்தலாகாது என்பது நெடிய வழக்காடலுக்கு உரிய பொருள். ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்தப்படும் என்று 2019 செப்டம்பரில் மாநில அரசு ஆணை பிறப்பித்தது. எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரியில் அதனைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்புவரை நிறுத்தாமையையே ஏற்றது. நாமும் அதனையே ஏற்கிறோம். தேர்வில் தோற்ற பன்னிரண்டு அகவைப் பிள்ளை அதே வகுப்பில் மீண்டும் அமர்வது அரிது. பட்டறைக்கோ கடைக்கோ போய்விடும். ஆனால் நிறுத்தாமை வேறு, கற்பிக்காமை வேறு. தமிழ்ப் பத்தி ஒன்றைத் தடையின்றிப் படிக்கவும், வகுத்தல் கணக்கொன்றைப் போடவும் இயலாமல் ஒரு பிள்ளை ஏழாம் வகுப்பில் அமர்ந்திருந்தால், அதன் முன்னே விரிக்கப்படும் அறிவியல் நூல் வெறுந்தாளே. ஆறாம் வகுப்பின் முதல் திங்களிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே உரக்கப் படிக்கச் செய்து பார்க்கும் ஆசிரியர்கள் உளர். அதற்குப் புதுத்திட்டம் எதுவும் தேவையில்லை; ஒரு நாற்காலியும் பொறுமையுமே போதும்.

வகுப்பறைக்கு அப்பால்

இலக்கிய மன்றக் கூட்டத்தில் முதன்முறை மேடையேறிக் கைகால் நடுங்கப் பேசிய நினைவு நம்மில் பலர்க்கும் உண்டு. அத்தகைய மன்றங்களோடு, ஆறு முதல் எட்டு வகுப்பினர்க்கென 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பெற்றது. கருத்தாளர்கள் பள்ளி தோறும் சென்று எளிய பொருள்களால் அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்து காட்டினர். அதே கல்வியாண்டில் கலைத் திருவிழாப் போட்டிகள் வந்தன. பறையும் கரகமும் பாடத்திற்குப் புறம்பானவை என்று கருதிய காலம் போய், ஊர்த் திருவிழாவில் கற்ற கலையைப் பள்ளி மேடையிலேயே காட்டும் காலம் வந்தது.

மதுரைப் பிள்ளைகளுக்கு வாய்த்த பேறு, பாடநூலில் உள்ளது பேருந்துத் தொலைவில் கிடப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கீழடிக்கு அழைத்துச் செல்லலாம். நகரிலிருந்து சிறு பயணமே. 2023 மார்ச்சு 5ஆம் நாள் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளைப் பிள்ளைகள் நேரில் காணலாம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உண்டு; 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்ற நிலை 2024இல் எழுந்து, மக்கள் எதிர்ப்பால் 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டதையும் சொல்லிக் கொடுத்தால், வரலாறும் புவியியலும் குடிமையியலும் ஒரே பாறையில் அமர்ந்து கற்கக் கூடியவை. புதுநத்தம் சாலையில் 2023 சூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கும் பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அலங்காநல்லூர், பாலமேட்டு வகுப்பறைகளில் பொங்கலுக்குப் பின் ஓரிரு நாள் வருகைப் பதிவேடு மெலிந்திருக்கும். வாடிவாசல் அருகிருக்க எந்தப் பதிவேடுதான் நிறையும்!

எட்டாம் வகுப்பின் வாயில்

எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு உண்டு. அதனைப் பெற்றோர் பலர் அறியார். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு என்பது அதன் பெயர். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பயில்வோர், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதோர், இதனை எழுதலாம். மனத்திறனில் 90 வினா, படிப்பறிவில் 90 வினா. தமிழ்நாட்டிற்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள். தேர்ந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை திங்கள் 1,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000. கூலி வேலை செய்யும் தந்தை ஒருவர் மகளை மேலே படிக்க வைப்பதா என்று தயங்கும் வேளையில் இத்தொகை தராசைச் சாய்க்கும்.

மற்றொரு செய்தி பெரியோர் கவனத்திற்கு. ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பது ஏழாண்டு கழித்துப் பலன் தரும். 2020இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ உள் ஒதுக்கீட்டுச் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு உரியது. மாநகராட்சிப் பள்ளியும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் அவ்வரையறைக்குள் அடங்கும். உதவிபெறும் பள்ளிகள் அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இத்தகைய ஒதுக்கீடு வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பு முதலான அரசுப் பள்ளிப் படிப்பையே அடிப்படையாய்க் கொண்டு, கல்லூரி மாணவியர்க்குத் திங்கள் 1,000 ரூபாய் அளித்தது. 2024 திசம்பரில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவியரும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆங்கிலப் பெயர்ப் பலகையைக் கண்டு ஆறு, ஏழாம் வகுப்புகளைத் தனியார் பள்ளியில் கழித்துவிட்டு, பணம் தீர்ந்து எட்டில் அரசுப் பள்ளிக்கு மீளும் குடும்பங்கள் பின்னாளில் இழப்பது எவ்வளவு என்பதை இனியேனும் கணக்கிடுதல் வேண்டும்.

எல்லாவற்றிலும் இடர் மிக்க இடம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையிலுள்ள கோடை விடுமுறை. சட்டத்தின் காப்பு அங்கே முடிகிறது என்று முன்னரே கண்டோம். ஊரிலுள்ள நடுநிலைப் பள்ளி முடிந்தது; உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். பேருந்து உண்டா, காலை எத்தனை மணிக்கு, மாலை இருட்டுமுன் திரும்புமா என்பவை பெண் குழந்தையின் படிப்பைத் தீர்மானிக்கும் வினாக்கள். கட்டணமில்லாப் பேருந்து அட்டை பயணச் செலவைத் தீர்க்கிறது, நேரத்தைத் தீர்ப்பதில்லை. சில தலைமையாசிரியர்கள் மாற்றுச் சான்றிதழைப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், தாமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு வருகின்றனர். ஒரு முற்பகல் வேலைதான். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில், ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளியில் சேராத மாணவர் பெயர்கள் பொதுத் தொகுப்பு என்னும் பட்டியலில் நிற்கும். சூன் இறுதியில் அப்பட்டியலை எடுத்துக்கொண்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மாரோடு ஆசிரியர்கள் வீடு வீடாகச் செல்லும் ஊர்களில், ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகள் மிகுதி.